பதிவை நீக்கிவிட்டார்களா? ஐரோப்பாவில் இருந்தால் இதைச் செய்யுங்கள்

பாரிஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் சின்னதாக ஒரு தமிழ்ச் செய்திப் பக்கம் நடத்துகிறார். போன வருடம் மே 18 அன்று ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றைப் போட்டார். பெரிய கிடாரத்தில் கஞ்சி கொதிக்கிறது, அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்ட முள்ளிவாய்க்கால் கஞ்சி. சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். வயதான அம்மா ஒருவர் வாங்கிவிட்டுக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். கொடி இல்லை, யாருடைய படமும் இல்லை, பேச்சும் இல்லை. சாயங்காலத்துக்குள் வீடியோவைக் காணோம். ஆபத்தான அமைப்புகள் பற்றிய விதிகளை மீறிவிட்டதாக ஒரு வரி அறிவிப்பு மட்டும் வந்திருந்தது.

இதை அவர் என்னிடம் சொன்னது நவம்பர் 14, அதுவும் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது. ஏன் அப்பீல் செய்யவில்லை என்று கேட்டேன். "விடுங்கோ அண்ணை, பட்டனை அமத்தி என்ன வரப்போகுது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் அப்பீல் செய்ய அவருக்கு இன்னும் நாலே நாள்தான் பாக்கி இருந்தது. அன்று ராத்திரியே வீடியோ காலில் உட்கார்ந்து எழுதினோம். அன்றைக்கு நாங்கள் செய்ததையும், முன்பே தெரிந்திருந்தால் செய்திருக்கக்கூடியதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழில் பக்கம், சேனல், பாட்காஸ்ட் நடத்துகிறவர்களுக்கு இது ரொம்பவே தேவை என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கு உள்ளே இருப்பவர்களுக்கானது. பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி, டென்மார்க், அயர்லாந்து எல்லாம் உள்ளே. லண்டனும் சூரிச்சும் ஒஸ்லோவும் வெளியே. பிரிட்டனுக்கு 2023இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அதன் வழி வேறு. உள்ளே இருப்பவர்களுக்குக் குடியுரிமை வேண்டாம். படிக்க வந்த மாணவர், வேலை விசாவில் இருப்பவர், அகதி அந்தஸ்துக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர் எல்லோருக்கும் ஒரே உரிமைதான். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று சட்டம் கேட்பதில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது.

எந்தச் சட்டம்? இரண்டு இருக்கின்றன. ஒன்று 2022இல் நிறைவேறிய டிஜிட்டல் சேவைகள் சட்டம். அதற்கு முன்பு ஒவ்வொரு நாடும் தன் பாட்டுக்கு விதி போட்டுக்கொண்டிருந்தது. ஜெர்மனி 2017இல் ஒன்று கொண்டுவந்தது. பிரான்ஸ் 2020இல் கொண்டுவந்ததன் பெரும்பகுதியை அந்த நாட்டு அரசியலமைப்பு மன்றமே, பேச்சுரிமைக்கு ஒவ்வாது என்று ரத்து செய்தது. ஒரே சந்தையில் 27 விதமான விதி இருந்தால் சரிவராது என்றுதான் பொதுச் சட்டம் வந்தது. ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிக்கு மேல் பயனாளர்கள் இருக்கும் தளங்களை 'மிகப் பெரியவை' என்று தனியாகப் பிரித்து, 2023 ஏப்ரலில் முதல் பட்டியலை அறிவித்தார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், டிக்டாக், எக்ஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. 2024 பிப்ரவரி 17 முதல் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. மீறினால் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 6 சதவீதம் வரை அபராதம் போடலாம். இரண்டாவது, ஐரோப்பிய ஊடக சுதந்திரச் சட்டம். அது 2025 ஆகஸ்ட் 8 முதல் பெருமளவு நடைமுறைக்கு வந்துவிட்டது, பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

அறிவிப்பு வந்ததும் எதையும் தொடாதீர்கள்

கோபத்தில் அதே வீடியோவைத் திரும்ப ஏற்றுவதுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது. செய்யாதீர்கள். இரண்டாவது மீறல் என்று எண்ணிக் கணக்கையே முடக்கிவிடுவார்கள். முதலில் அறிவிப்பை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. 'மேலும் அறிக' என்று இருந்தால் அதையும் அமுக்கி உள்ளே இருப்பதையும் எடுங்கள். மின்னஞ்சல் வந்திருந்தால் தனி ஃபோல்டரில் போடுங்கள். சில நாளில் அந்த அறிவிப்பே ஆப்பிலிருந்து மறைந்துவிடும். நண்பர் விஷயத்தில் அப்படித்தான் ஆனது, நல்லவேளையாக மின்னஞ்சல் ஒன்று மிச்சம் இருந்தது.

அப்புறம் அந்த அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தளம் உங்களுக்குக் காரண அறிக்கை ஒன்றைத் தந்தே ஆக வேண்டும். என்ன செய்தார்கள் (நீக்கமா, ரீச் குறைப்பா, வருமானம் நிறுத்தமா, கணக்கு முடக்கமா), எந்த நாடுகளில், எவ்வளவு காலத்துக்கு, எந்த உண்மைகளை வைத்து, யாராவது புகார் கொடுத்தார்களா அல்லது தாங்களாகப் பிடித்தார்களா, முடிவெடுக்கத் தானியங்கி முறையைப் பயன்படுத்தினார்களா, நீங்கள் எங்கே முறையிடலாம். இத்தனையும் அதில் இருக்க வேண்டும். எது இல்லையோ அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அதுவே உங்கள் முதல் வாதம்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. பதிவு *சட்டவிரோதம்* என்று சொல்கிறார்களா, அல்லது *எங்கள் விதிமுறைக்கு ஒவ்வாது* என்று சொல்கிறார்களா? இரண்டும் வேறு. சட்டவிரோதம் என்றால் எந்தச் சட்டம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். விதிமுறை என்றால் எந்த விதி, அது ஏன் இந்தப் பதிவுக்குப் பொருந்துகிறது என்று விளக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், விடுதலைப் புலிகள் அமைப்பு 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது, பெரிய தளங்களும் தங்கள் பங்குக்கு விதி வைத்திருக்கின்றன. அதனால் ஈழப் போர், மே மாதம், மாவீரர் நாள் வரும் நவம்பர் மாதம் என்று எது வந்தாலும் ஒரே வலையில் மாட்டுகிறது. ஆனால் ஒரு அமைப்பு பட்டியலில் இருப்பதாலேயே அந்தக் காலத்தைப் பற்றிய செய்தி, இறந்துபோன சொந்தங்களுக்கான அஞ்சலி, வரலாற்று விவாதம் எல்லாம் சட்டவிரோதம் ஆகிவிடாது. இந்த வேறுபாட்டில்தான் உங்கள் அப்பீல் நிற்கும். பட்டியலில் உள்ள அமைப்பையே ஆதரித்துப் போட்ட பதிவு என்றால் கதை வேறு, குற்றவியல் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதற்கு வக்கீலைப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

நீக்கமே இல்லாமல் ரீச் மட்டும் விழுந்துவிட்டதா? அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். நெதர்லாந்தில் ஒருவருடைய எக்ஸ் கணக்கு தேடினால் வராதபடி சத்தமில்லாமல் ஒதுக்கப்பட்டிருந்தது. அவர் நீதிமன்றம் போனார். 2024 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், சரியான காரணம் சொல்லாமல் கட்டுப்பாடு போட்டது சட்டமீறல் என்று தீர்ப்பு சொன்னது. 'ஷேடோ பேன்' என்று நாம் புலம்பிக்கொண்டே இருக்கும் விஷயத்துக்குக் காரணம் கேட்கும் உரிமை இருக்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல சான்று.

உள் அப்பீல்: 6 மாதம், இலவசம், மனிதர் பார்க்க வேண்டும்

முடிவை உங்களுக்குத் தெரிவித்த நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் தளத்துக்கு உள்ளேயே முறையிடலாம். காசு கிடையாது. தானியங்கி முறை மட்டுமே வைத்து அதற்கு முடிவு சொல்லக்கூடாது, தகுதியான ஊழியர்களின் மேற்பார்வை இருக்க வேண்டும். (50 பேருக்குக் குறைவான, ஆண்டு வருமானம் 1 கோடி யூரோவைத் தாண்டாத சின்னத் தளங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.)

நடைமுறையில் பலருக்கு வருவது ஒரே ஒரு பட்டன்தான், எழுத இடமே இருக்காது. இது உங்கள் கற்பனை இல்லை. 2025 அக்டோபரில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் இதையேதான் சொன்னது: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் அப்பீல் செய்யும்போது விளக்கமோ ஆதாரமோ சேர்க்க வழியில்லாமல் இருப்பதாக அதன் முதற்கட்டக் கண்டறிதல் சொல்கிறது. ஆகவே இடம் இல்லாவிட்டால், இடம் இல்லை என்பதையே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பட்டனையும் அமுக்குங்கள். கூடவே, பயனாளர்கள் தொடர்புகொள்ள ஒவ்வொரு தளமும் வைத்திருக்க வேண்டிய தொடர்பு முகவரிக்கு (அதுவும் சட்டத்தில் இருக்கிறது, 12ஆம் பிரிவு) உங்கள் விளக்கத்தை அனுப்புங்கள்.

விளக்கத்தை எப்படி எழுதுவது? இங்கேதான் தமிழுக்கு உள்ள சிக்கல் வருகிறது. மிகப் பெரிய தளங்கள், பதிவுகளைச் சரிபார்க்க எந்த மொழிக்கு எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று அறிக்கை தர வேண்டும்; ஆனால் ஒன்றியத்தின் 24 ஆட்சி மொழிகளுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. தமிழ் அதில் இல்லை. உங்கள் பதிவைப் பார்த்தவருக்குத் தமிழ் தெரியுமா, யாராவது பார்த்தார்களா என்பதை அறிய அந்த அறிக்கை உதவாது. எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிகிறது. பாரிஸ் லா ஷபெலில் நாள் முழுக்கத் தமிழ் கேட்கிறது, அங்கே கடை வைத்திருப்பவர்கள் அந்த நாட்டுக்கு வரி கட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் பேசும் மொழிக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. அது மாறும்வரை மொழிபெயர்ப்பு உங்கள் வேலை.

அதனால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தமிழும் தெரியாது, முள்ளிவாய்க்காலும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். நாங்கள் அனுப்பியதன் சாரம் இது, அனுப்பியது பிரெஞ்சில்:

"மே 18 அன்று நீக்கிய எங்கள் வீடியோ பற்றியது இது. 2009இல் இலங்கைப் போரின் கடைசி மாதங்களில் சிக்கிய பொதுமக்களுக்கு உணவாக இருந்தது உப்புக்கஞ்சி. இறந்தவர்கள் நினைவாக ஆண்டுதோறும் மே மாதத்தில் குடும்பங்கள் கூடி அதைக் காய்ச்சிப் பகிர்கின்றன. வீடியோவில் எந்த அமைப்பின் கொடியோ சின்னமோ முழக்கமோ இல்லை. திரையில் இரண்டே சொற்கள் உள்ளன, அவற்றின் பொருள் 'நினைவுக் கஞ்சி'. ஒவ்வொரு காட்சியின் விவரமும் நொடிக் கணக்குடன் கீழே உள்ளது. உங்கள் அறிவிப்பில் எந்தக் காட்சி எந்த விதியை மீறியது என்றும் இல்லை, தானியங்கி முறை பயன்பட்டதா என்றும் இல்லை. இரண்டையும் கேட்கிறோம்."

பார்த்தீர்களா, திட்டு இல்லை, "தமிழர்களுக்கு எதிரான சதி" இல்லை. அந்த ஆத்திரம் எனக்கும் புரிகிறது, ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் பார்க்கிற ஒருவர் உங்கள் கடிதத்துக்கு ஒதுக்கும் நேரம் மிகக் குறைவு, அதற்குள் கஞ்சி என்றால் என்ன என்று அவருக்குப் புரிந்துவிட வேண்டும். நொடிக் கணக்குடன் காட்சிப் பட்டியல் போட்டது ரொம்ப உதவியது என்று நினைக்கிறேன்: 0:00 கிடாரம், 0:14 அகப்பை, 0:31 வரிசை, 0:58 சிரட்டையுடன் நிற்கும் அம்மா. மொழிபெயர்ப்பை மெஷினிடம் விட்டாலும் அனுப்பும் முன் மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். "வீரவணக்கம்" மாதிரியான சொல்லை மெஷின் எப்படிப் பெயர்க்கும் என்று சொல்ல முடியாது, அந்த ஒரு சொல்லே காரியத்தைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று. கூட்டமாகச் சேர்ந்து ரிப்போர்ட் அடித்து உங்கள் பக்கத்தைத் தூக்குகிறார்கள் என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடிப்படையே இல்லாத புகார்களை அடிக்கடி அனுப்புகிறவர்களை எச்சரித்து, அவர்களுடைய புகார்களைக் கொஞ்ச காலம் எடுக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. நம் பக்கங்களில் நடக்கும் சண்டைகளில் அதிகம் பயன்படக்கூடியது இதுதான், ஆனால் யாரும் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

வெளியே போங்கள்

உள் அப்பீல் தோற்றால் கதை முடியவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் சான்றளிக்கப்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. டப்ளினில் அப்பீல்ஸ் சென்டர் யூரோப், பெர்லினில் யூசர் ரைட்ஸ் என்று ஆரம்பித்து வேறு நாடுகளிலும் உண்டு. முழுப் பட்டியல் ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. நீங்கள் பிரான்சில் இருந்தாலும் பெர்லினுக்குப் போகலாம், பொதுச் சந்தையின் பயனே அதுதான். தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: உங்கள் தளத்தை அவர்கள் எடுக்கிறார்களா, உங்கள் மாதிரிப் பிரச்சினையை எடுக்கிறார்களா, எந்த மொழியில் எழுத வேண்டும்.

பயனாளருக்கு இலவசம், அல்லது பெயரளவுக்கு ஒரு சின்னக் கட்டணம். உங்கள் பக்கம் முடிவானால் அமைப்பின் கட்டணம் முழுவதையும் தளம் கட்ட வேண்டும், உங்களுக்கு ஆன நியாயமான செலவையும் திருப்பித் தர வேண்டும். தோற்றாலும், வேண்டுமென்றே ஏமாற்றினால் தவிர, தளத்தின் செலவு உங்கள் தலையில் விழாது. புகார் கிடைத்ததிலிருந்து 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மிகச் சிக்கலானது என்றால் இன்னொரு 90 நாள் நீட்டலாம். ஒரு குறை உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்: முடிவு தளத்தைக் கட்டுப்படுத்தாது. நல்லெண்ணத்துடன் ஒத்துழைக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் போங்கள். சட்டம் தெரிந்த மூன்றாம் ஆள் ஒருவர் உங்கள் பதிவில் தவறில்லை என்று எழுத்தில் கொடுத்தால், அடுத்த வருடம் அதே வீடியோ மாட்டும்போது அந்தத் தாளைத் தூக்கிக் காட்டலாம்.

இதோடு சேர்த்து, உங்கள் நாட்டின் டிஜிட்டல் சேவைகள் ஒருங்கிணைப்பாளரிடமும், அதாவது இந்தச் சட்டத்தைத் தளங்கள் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் அமைப்பிடமும், புகார் கொடுக்கலாம். பிரான்சில் ஆர்கோம், ஜெர்மனியில் புண்டஸ்நெட்ஸ்அகென்டூர், நெதர்லாந்தில் ஏசிஎம், இத்தாலியில் அக்கோம். பெரிய தளங்கள் பலவற்றின் ஐரோப்பியத் தலைமையகம் அயர்லாந்தில் இருப்பதால் புகார் கடைசியில் டப்ளினில் உள்ள ஊடக ஆணையத்துக்குப் போகும். நீங்கள் உங்கள் நாட்டில் கொடுத்தால் போதும், அனுப்புவது அவர்கள் பொறுப்பு. ஆனால் இவர்கள் உங்கள் ஒரு வீடியோவைத் திரும்ப வாங்கித் தர மாட்டார்கள். அப்பீலில் விளக்கம் எழுத இடமே இல்லை, காரண அறிக்கை அரைகுறையாக வருகிறது என்ற மாதிரித் தளத்தின் நடைமுறையே சரியில்லாததுதான் இவர்கள் பார்க்கும் விஷயம். அதனால் புகாரையும் அப்படியே எழுதுங்கள், முடிந்தால் நாலைந்து பக்கங்கள் சேர்ந்து. ஒரே மாதிரி ஸ்கிரீன்ஷாட் ஐந்து இடத்திலிருந்து வந்தால் அது தனி ஆள் புலம்பல் இல்லை என்று தெரிந்துவிடும்.

செய்தி நிறுவனமாக நடத்துகிறீர்களா? இன்றே இதைச் செய்யுங்கள்

இனி சொல்வது தனி ஆள் பதிவுகளுக்கு இல்லை. ஆசிரியர் பொறுப்பு ஏற்று, தொழிலாக, செய்தியோ நிகழ்ச்சியோ தருகிறவர்களுக்கு. வருமானம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பொழுதுபோக்காகப் போடுவது மட்டும் ஆகாது.

ஊடக சுதந்திரச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி, மிகப் பெரிய தளங்கள் ஊடகங்கள் தங்களை அறிவித்துக்கொள்ள ஒரு வசதி செய்து தர வேண்டும். அதில் நீங்கள் அறிவிக்க வேண்டியவை: நாங்கள் ஊடகம், எங்கள் உரிமையாளர் யார் என்று பகிரங்கமாகப் போட்டிருக்கிறோம், அரசுகளிடமிருந்தும் கட்சிகளிடமிருந்தும் வெளிநாடுகளிடமிருந்தும் ஆசிரியர் பிரிவு சுதந்திரமாக இருக்கிறது, ஊடக ஒழுங்குமுறைக்கோ, அங்கீகாரமுள்ள ஒரு சுய ஒழுங்கு அமைப்புக்கோ கட்டுப்பட்டிருக்கிறோம், மனிதர் சரிபார்க்காத செயற்கை நுண்ணறிவு உள்ளடக்கத்தைப் போடுவதில்லை. அந்த அறிவிப்பை ஏற்றுக்கொண்டால், விதிமுறை மீறல் என்று சொல்லி உங்கள் பதிவை நிறுத்துவதற்கு முன்னாலேயே தளம் காரணம் சொல்லி, பதில் தர உங்களுக்கு 24 மணி நேரம் கொடுக்க வேண்டும். பின்னால் முறையிட்டாலும் முன்னுரிமை உண்டு. சட்டவிரோத உள்ளடக்கம், சிறுவர் பாதுகாப்பு போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தமிழ்ப் பக்கங்கள் பலவும் தடுக்கி விழும் இடங்கள் மூன்று என்று எனக்குப் படுகிறது. ஒன்று, 'எங்களைப் பற்றி' பக்கமே இருக்காது, இருந்தால் ஒரு பொன்மொழி இருக்கும். அங்கே சட்டபூர்வப் பெயர், தொடர்பு விவரம், உரிமையாளர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு, சென்னையிலோ கொழும்பிலோ ஏதாவது கட்சிக்காரர் பின்னால் இருந்து ஆட்டுவார். அப்படி இருந்தால் பொய்யாக அறிவிக்காதீர்கள், மாட்டினால் மற்ற தமிழ் ஊடகங்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். மூன்று, செயற்கைக் குரலில் செய்தி வாசிக்க விட்டுவிட்டு ஒருவரும் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை. அதை நிறுத்துங்கள், அல்லது ஒருவர் உட்கார்ந்து சரிபாருங்கள்.

சுய ஒழுங்கு அமைப்பு என்றால் ஜெர்மனியில் பத்திரிகைக் கவுன்சில் மாதிரி. உங்கள் நாட்டில் எது, சிறிய இணைய ஊடகத்தைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். இது கொஞ்சம் இழுக்கும், அதனால்தான் பிரச்சினை வரும் முன்பே தொடங்கச் சொல்கிறேன். அறிவிப்பில் கொடுக்கும் மின்னஞ்சலை ஒரே ஆளுடைய போனில் வைக்காதீர்கள். அந்த 24 மணி நேரம் சனிக்கிழமை இரவு ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள்? இரண்டு மூன்று பேர் பார்க்கிற முகவரியாக இருக்கட்டும்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அறிவிப்பை ஏற்பதா வேண்டாமா என்பதைத் தளமே முடிவு செய்கிறது. நியாயமான சந்தேகம் இருந்தால் ஒழுங்குமுறை அமைப்பிடம் கேட்க வேண்டும் என்று இருக்கிறதுதான், ஆனாலும் பெரிய தேசியப் பத்திரிகைக்குத் திறக்கும் கதவு, மூன்று பேர் வேலை முடிந்து வந்து நடத்தும் தமிழ்ப் பக்கத்துக்கு அதே வேகத்தில் திறக்காது என்று பயப்படுகிறேன். மறுத்தால் மறுப்பையும் அந்த ஃபோல்டரில் போடுங்கள், ஒருங்கிணைப்பாளருக்கு எழுதும்போது உதவும்.

நண்பரின் வீடியோ பிப்ரவரி கடைசியில் திரும்ப வந்தது. உள் அப்பீலில் தோற்று, வெளி அமைப்புக்குப் போய், அவர்கள் தளத்திடம் விளக்கம் கேட்டதும் தளம் தானாகவே போட்டுவிட்டது, மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. இந்த வருடக் கஞ்சி வீடியோவுக்கு இப்போதே தயார் செய்து வைத்திருக்கிறார்: பதிவின் கீழே பிரெஞ்சில் நாலு வரி விளக்கம், தனியாகக் காட்சிப் பட்டியல், 'எங்களைப் பற்றி' பக்கத்தில் அவருடைய பெயர், நவம்பர் 18க்கு போனில் ஒரு அலாரம்.